எண்ணாமல் விட்ட பிள்ளை

அத்தியாயம் 17

பிள்ளைகளுக்குத் துணையாக இரண்டு அம்மாக்கள் கூட வரலாம் என்று ரோசலின் டீச்சர் சொன்னதும் சூர்யகலா முதல் ஆளாகக் கை தூக்கினாள். அதற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவள் மகள் சௌந்தர்யாவுக்கும் தெரியும். டீச்சருக்கு மட்டும்தான் தெரியாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு ஜோடி போட்ட டீச்சர், சௌந்தர்யாவுக்குத் தர்ஷிகாவைப் போட்டுவிட்டார். பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும் ஒருத்தியை ஒருத்தி நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. "ஜோடிய மாத்திப் போடுங்க டீச்சர்" என்று கேட்கப் போன சூர்யகலா, "ஏன்?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்ததைத்தான் போன வாரம் பார்த்தோம்.

பதில் எப்படிச் சொல்வாள்? கொழுந்தன் சேதுபதி தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது, அழைப்பிதழில் அண்ணன் ஈஸ்வரன் பெயர் இல்லை. பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்று சேதுபதி சொன்னான். எந்தப் பெயரை விடவேண்டும் என்று பிரஸ்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஈஸ்வரன் கேட்டார். அவ்வளவுதான். சின்னாளப்பட்டியில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள், ஒன்றரை வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கின்றன. "அவன் வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று ஈஸ்வரன் சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். சூர்யகலாவும் தன் பங்குக்கு ஓரகத்தி புவனேஸ்வரி கோலம் போடும் நேரம் பார்த்து வாசல் பக்கம் வருவதில்லை.

ஆக, அவள் பஸ் ஏறியது ஒரே ஒரு காவலுக்கு. தன் மகள் அந்த வீட்டுப் பிள்ளையோடு பேசிவிடக்கூடாது.

பஸ் திண்டுக்கல்லைத் தாண்டும்போது டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் விசில் ஊதுனா என்ன பண்ணணும்?"

"ஜோடி கையைப் புடிச்சு மேல தூக்கணும்!" என்று பஸ்ஸே கத்தியது.

"ஒத்தைக் கை தூக்குனா?"

"கணக்குல வராது!"

"பாத்ரூம் போகணும்னா என்கிட்டச் சொல்லிட்டு ஜோடியோட போகணும். யாராச்சும் தண்ணில விழுந்தா நீங்க எறங்கவே கூடாது. சத்தம் போட்டுப் பெரியவங்களக் கூப்பிடணும். இது அம்மாக்களுக்கும் சேத்துதான்."

சூர்யகலா தலையாட்டினாள். கண் மட்டும் மூன்று சீட்டுக்கு முன்னால் இருந்தது. அங்கே சௌந்தர்யா ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள், தர்ஷிகா நடைபாதைப் பக்கம் பார்த்திருந்தாள். நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

தோட்டத்துக்காரர் கருப்பணன் பஸ் நின்ற இடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைங்க எங்க வேணாலும் சுத்திப் பாக்கட்டுங்க. கெணத்துப் பக்கம் மட்டும் விட்ராதீங்க. சுத்துச்சுவரு இன்னும் கட்டலைங்க. அந்த மோட்டார் ரூமுக்குப் பின்னாடி இருக்குது."

டீச்சர் அந்தத் திசையைக் கை நீட்டிக் காட்டி, அங்கே ஒருத்தரும் போகக்கூடாது என்று எல்லோரையும் ஒருதடவை திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சூர்யகலாவிடம் ஒப்படைத்தார். அதில் சௌந்தர்யாவும் இருந்தாள், ஆகவே தர்ஷிகாவும் இருந்தாள்.

புடலைப் பந்தலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. காய் சுருளாமல் நேராக வளர வேண்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் கருப்பணன். "எங்க வீட்லயும் ஒண்ணு கோணக்க மாணக்கத் திரியுது, அதுக்கும் கல்லைக் கட்டலாமா?" என்று ஒரு பயல் தம்பியைப் பற்றிக் கேட்க, பந்தலே சிரித்தது. சூர்யகலாவும் சிரித்துவிட்டாள்.

முதல் விசில் அங்கேதான். ஜோடி ஜோடியாகக் கைகள் கோத்து உயர்ந்தன. சௌந்தர்யா தனியாக ஒரு கை தூக்கினாள். நான்கடி தள்ளி நின்ற தர்ஷிகாவும் தனியாக ஒரு கை தூக்கினாள். பஸ்ஸில் படித்த பாடத்தின்படி இரண்டுமே கணக்கில் வரக்கூடாது. 'கையைப் புடிங்கடி' என்று சொல்ல வாய் எழும்பியது சூர்யகலாவுக்கு. சொல்லவில்லை.

"என் குழு சரி டீச்சர்!"

இரண்டாவது விசில் சாப்பாட்டுக்கு முன்னால், தென்னந்தோப்பு ஓரத்தில். அந்தப் பசி நேரத்துக் களேபரத்தில் சௌந்தர்யாவின் கை உயர்ந்ததை அவள் பார்த்தாள். பக்கத்தில் அந்த வீட்டுப் பிள்ளை நிற்கிறாளா என்று பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாகப் பழகிய கண். அந்தப் பிள்ளை எதிரே வந்தால் தானாகவே வேறு பக்கம் போய்விடும். சண்டை வீட்டுக்குள் இருந்தவரை அந்தப் பழக்கத்தால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

"சரி டீச்சர்!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். டப்பாக்கள் திறந்தன. சூர்யகலா தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தவள், சௌந்தர்யாவின் அருகில் வந்ததும் நின்றாள். மகளுக்குப் பக்கத்தில் ஒரு நீலநிற வயர் கூடை. அதைப் புவனேஸ்வரி பின்னும்போது நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே சூர்யகலாதான். கூடைக்குள் டப்பா மூடியபடியே இருந்தது. கூடைக்கு உடையவளைக் காணவில்லை.

"இந்தப் பிள்ளை எங்கடி?"

சௌந்தர்யா சோற்றைப் பிசைந்தாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன். எங்க அவ?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா."

"நீங்கதான் பேசுறதே இல்லையே, எப்படிச் சத்தியம் வாங்குனா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைய நீர். "உங்க முன்னாடிதாம்மா பேச மாட்டோம். பள்ளிக்கூடத்துல தெனமும் பேசுவோம்."

கோபப்படச் சூர்யகலாவுக்கு நேரம் இருக்கவில்லை. மகள் எழுந்து காதருகே வந்து சொன்னாள்.

"பாவாடைல ஆயிருச்சும்மா. மொதத் தடவ. பயலுக எல்லாம் இருக்காங்க, டீச்சர்ட்டச் சொல்ல வெக்கமா இருக்குன்னு அழுதா. கழுவிட்டு ஓடியாந்துர்றேன், நீ எனக்கும் சேத்துக் கை தூக்குன்னா. மோட்டார் ரூம் பக்கம் போனா. இன்னும் வரலம்மா."

சூர்யகலா ஓடினாள். பின்னாலேயே மகளும் ஓடி வந்தாள்.

மோட்டார் ரூமுக்கு வெளியே குழாய் இருந்தது. திருகிப் பார்த்தாள். மும்முனைக் கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, ஒரு சொட்டுக் கூட வரவில்லை. குழாயில் தண்ணீர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை வேறு எங்கே போயிருப்பாள்? அறையைச் சுற்றி ஓடினாள். புல் மண்டிய விளிம்பில் ஒரு ஜோடிச் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"தர்ஷீ!"

"பெரிம்மா..." என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல்.

உயிர் போய் உயிர் வந்தது. விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். கிணற்றுச் சுவரில் பதித்த படிக்கற்கள் கீழே இறங்கின. தண்ணீரை ஒட்டிய படியில் பாசி பிடித்திருந்தது. அதற்கு மேல்படியில் தர்ஷிகா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கீழ்ப்படியில் கால் வைத்து வழுக்கி, எப்படியோ மேலே தொற்றிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் சிராய்த்திருந்தது. இரண்டு கையாலும் ஒரு கல்லைப் பிடித்திருந்தாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கத்திக் கூப்பிட்டால் பயல்களும் ஓடி வருவார்கள் என்ற பயத்தில் வாயைத் திறக்காமலே நின்றிருக்கிறாள்.

சூர்யகலா சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் படியில் கால் வைக்கப் போனவள், அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வர நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இவள் வழுக்கினால் அந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டுதான் விழுவாள்.

"சௌந்தி, ஓடு! கருப்பணன் ஐயாவக் கயிறோட வரச் சொல்லு. டீச்சரையும் கூட்டிட்டு வா. மத்த பிள்ளைகள இன்னொரு அம்மா பாத்துக்கிரட்டும், ஒருத்தர்கூட இந்தப் பக்கம் வரக்கூடாது!"

மகள் பறந்தாள். சூர்யகலா மண்ணில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டினாள்.

"தர்ஷி, என்னையப் பாரு. தண்ணியப் பாக்காத."

"கால் நடுங்குது பெரிம்மா."

"நடுங்கட்டும், பரவால்ல. கல்லை மட்டும் விடாத. ஆளு வந்துக்கிட்டே இருக்கு."

தர்ஷிகா மேலே பார்த்தாள். அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம்.

"பெரிம்மா... நீங்க என்கூடப் பேசுறீங்க."

இப்போது சூர்யகலா அழக்கூடாது. அழுதால் பிள்ளை பயந்துவிடும். பேச வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால்தான் அவள் பிடி தளராது. என்ன பேசுவது? ஒன்றரை வருடம் பேசாமல் விட்டதில் எதை முதலில் எடுப்பது?

"உங்கம்மா இன்னைக்கு என்ன கட்டிக் குடுத்தா?"

"எலுமிச்சஞ் சோறு."

"வெஞ்சனம்?"

"உருளக்கெழங்கு."

"கருவேப்பில போட்டிருக்காளா?"

"அள்ளிப் போட்டிருக்கு."

"அவ எப்பவும் அப்படித்தான். கெழங்கத் தேடித்தான் எடுக்கணும்."

கிணற்றுக்குள்ளிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. சூர்யகலா விடவில்லை. தம்பிப் பயல் என்ன சேட்டை செய்கிறான் என்று கேட்டாள். பரீட்சையில் கணக்கில் எவ்வளவு என்று கேட்டாள். எல்லாமே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தவை, அவள் வேண்டுமென்றே காதில் வாங்காமல் விட்டவை. தர்ஷிகா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கல்லை விடவில்லை.

கருப்பணன் கயிறோடு ஓடி வந்தார். பின்னால் அவர் மனைவி பழனியம்மாளும் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும். கயிற்றின் ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆட்களைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். தர்ஷிகாவின் இடுப்பைச் சுற்றி இன்னொரு கயிறு போட்டார். "பயப்படாத கண்ணு, ஒவ்வொரு படியா வா" என்று பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே ஏற்றினார். கை எட்டிய இடத்தில் சூர்யகலா அவளை அப்படியே வாரி எடுத்தாள்.

தர்ஷிகா பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். சூர்யகலாவும் இப்போது தாராளமாக அழுதாள். இனி யாருக்குப் பயம்?

சௌந்தர்யா கூட்டி வந்த ரோசலின் டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலுதவிப் பையிலிருந்து ஒரு நாப்கின் பாக்கெட்டை எடுத்துச் சூர்யகலாவின் கையில் வைத்தார். பிள்ளையின் முழங்காலுக்கு மருந்து போட்டுத் துணி கட்டினார். பிறகு தர்ஷிகாவின் தலையைத் தடவி, "இதுக்குத்தாம்மா இதையும் எடுத்துட்டு வந்தேன். இது பையில இருக்குன்னு பஸ்லயே சொல்லிருக்கணும், எனக்குத் தோணாமப் போச்சு" என்றார்.

பழனியம்மாள் தன் வீட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போய், தன் மகளுடைய பாவாடை ஒன்றைக் கொடுத்தாள். வெளியே வந்த பிள்ளை தனியாக உட்கார ஒரு சாக்கை ஓரமாக விரித்தாள். சூர்யகலா அந்தச் சாக்கில் தான் உட்கார்ந்து, தர்ஷிகாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"பெரிம்மா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லு."

"சடங்குன்னு பந்தல், மைக் செட்டு, என் போட்டோ போட்ட பேனரு, பத்திரிக ஒண்ணும் வேணாம். பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. அம்மாட்டச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"நான் சொன்னாலும் கேக்க மாட்டாளேடி" என்று வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள் சூர்யகலா. "சரி. இது பெரியம்மா வாக்கு" என்றாள்.

பிறகு செல்போனை எடுத்தாள். புவனேஸ்வரியின் நம்பரை அவள் அழிக்கவில்லை. அழிக்க நினைத்த நாளெல்லாம் ஏதாவது வேலை வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

முதல் தடவை கட் ஆனது. இரண்டாவது தடவையும் கட் ஆனது. மூன்றாவது தடவை, "என்ன வேணும் இப்ப?" என்றது அந்தக் குரல்.

"புவனா, பதறாத. தர்ஷி நல்லா இருக்கா, என் மடியிலதான் இருக்கா. ஒரு ஆட்டோவப் புடிச்சு நேரா இங்க வா. வரும்போது மாத்துத் துணி எடுத்துட்டு வா."

"துணியா?" புவனேஸ்வரியின் குரல் இறங்கியது. "பெரிய மனுஷி ஆயிட்டாளா?"

"ஆமா."

அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கிணற்றைப் பற்றிச் சூர்யகலா போனில் சொல்லவில்லை. அதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புவனேஸ்வரி வந்து இறங்கினாள். மகளைக் கட்டிக்கொண்டாள், கன்னத்தை வழித்தாள், முழங்கால் கட்டைப் பார்த்தாள். "இது என்ன?" என்றாள்.

"என் தப்புதான் சித்தி, நான்தான்..." என்று ஆரம்பித்த சௌந்தர்யாவைச் சூர்யகலா தடுத்தாள்.

"நீ சும்மா இரு. புவனா, பிள்ள கெணத்துக்குள்ள எறங்கிட்டா. வழுக்கிருச்சு. கயிறு கட்டித் தூக்குனோம்." புவனேஸ்வரியின் முகம் வெளுத்தது. சூர்யகலா நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு எப்போதும் சொல்ல முடியாது. "எண்ணிப் பாக்கிற வேலைய எங்கிட்டத்தான் குடுத்திருந்தாங்க. எம் பிள்ள கையப் பாத்தேன். ஒம் பிள்ளைய நான் பாக்கல. பாக்காமலே சரின்னு சொல்லிட்டேன்."

புவனேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"எம் பிள்ள கெணத்துக்குள்ள நின்னுருக்கா. நீங்க..." அதற்கு மேல் வரவில்லை அவளுக்கு. சூர்யகலா தலை குனிந்து நின்றாள். திட்டட்டும், நாலு அடி வைக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள்.

புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற சௌந்தர்யாவைப் பார்த்தாள். அவளும் இந்தப் பிள்ளையை நேராகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! வளர்ந்திருந்தாள். கையை நீட்டி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வந்திருந்து, இவ காணாமப் போயிருந்தா? நானும் எண்ணிருக்க மாட்டேன்க்கா."

அக்கா. அந்த ஒரு சொல்லைக் கேட்டுச் சூர்யகலாவும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புவனேஸ்வரியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சேதுபதியின் குரல், சந்தோஷத்தில் காலே தரையில் பாவாத குரல்.

"புவனா, பந்தலுக்குச் சொல்லியாச்சு. மைக் செட்டுக்கும் சொல்லியாச்சு. நான் பிரஸ்லதான் இருக்கேன். மதினிதான் பிள்ளகூட இருக்காங்கன்னு சொன்னேல்ல, இந்தத் தடவ பத்திரிகைல மொதப் பேரே அண்ணன் பேருதான். மதினி பேரையும் சேத்து, பெரிய எழுத்துல போடச் சொல்லிருக்கேன்!"

புவனேஸ்வரியின் முகம் மலர்ந்தது. தர்ஷிகாவின் முகம் சுருங்கியது. அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தாள்.

பெரிய எழுத்து. முதல் பெயர். ஒன்றரை வருடம் ராத்திரி பகலாக மனதுக்குள் அரைத்ததெல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தானே! இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஈஸ்வரனின் வீம்பு கூட ஒருவேளை இறங்கும். சூர்யகலாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

போனைக் கையில் வாங்கினாள்.

"தம்பி, நான் மதினி பேசுறேன். பத்திரிக அடிக்க வேணாம். பந்தலும் வேணாம்."

பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் கோவமா மதினி?"

"கோவம் இல்ல தம்பி. பிள்ளைக்கு வேணாமாம். நான் வாக்குக் குடுத்துட்டேன். வீட்டுக்குள்ள நம்ம அளவுல தண்ணி ஊத்துவோம், நம்ம கையால அவளுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுவோம். அதுக்கு எதுக்குப் பத்திரிக? பேரு எங்க இருந்தா என்ன, நாங்க வந்து நிப்போம்."

"நாங்கன்னா... அண்ணனும் வருவாரா மதினி?"

அதற்குள் ரோசலின் டீச்சர் விசில் ஊதிவிட்டார். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. "நான் பஸ்லதாம்மா வருவேன்" என்று தர்ஷிகா எழுந்தாள். சௌந்தர்யா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பிள்ளைகளும் கோத்த கைகளை உயரத் தூக்கினார்கள்.

சூர்யகலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "சௌந்தர்யா. தர்ஷிகா" என்று வாய்விட்டுச் சொல்லி, தன் குழுவில் மற்ற எல்லோரையும் பெயர் சொல்லி எண்ணி முடித்த பிறகுதான், "சரி டீச்சர்!" என்று குரல் கொடுத்தாள்.

கையிலிருந்த போன் இன்னும் கட் ஆகவில்லை. "மதினி, லைன்ல இருக்கீங்களா? அண்ணன் வருவாரா?" என்று சேதுபதி மறுபடியும் கேட்டான்.